மகளுக்கு லைசென்ஸ் எந்தப் பக்கம் எடுக்கலாம்?

எல்லைத் தையல்காரி (கொழிஞ்சாம்பாறை):

எல்லோருக்கும் வணக்கம். கேட்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் கேட்டுவிடுகிறேன். மகளுக்குப் பத்தொன்பது வயது, பாலக்காட்டில் நர்சிங் படிக்கிறாள். அவள் அப்பா மஸ்கட்டில். அவர் வாங்கிப் போட்ட பழைய ஆல்ட்டோ வாசலில் தூசி தின்றுகொண்டு நிற்கிறது. கார் ஓட்டக் கற்றே தீருவேன் என்று பிள்ளை ஒற்றைக்காலில் நிற்கிறாள். லேர்னர்ஸ் (பழகுநர் லைசென்ஸ்) பரீட்சை இன்னும் எழுதவில்லை.

இப்போது வீட்டில் இரண்டு கட்சி. நாத்தனார் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருக்கிறார். "கேரளாவில் எச் வடிவத்தில் ஓட்டிக் காட்டு, மேட்டில் நிறுத்தி எடு என்று உயிரை வாங்குவார்கள். எங்கள் வீட்டு விலாசத்தைக் கொடு. தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார். பிள்ளை ஸ்டியரிங்கைத் தொட்டால் போதும், கார்டு வீட்டுக்கு வந்துவிடும்" என்கிறார். மாமியாருக்கும் அதுவே சரி. மகள் மட்டும், "அப்படி வாங்கினால் கார்டு இருக்கும், ஓட்டத் தெரியாதே" என்கிறாள்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. யார் சொல்வது சரி என்று ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்.

பழைய லேலண்ட் (வாளையாறு):

அம்மிணி, உங்கள் மகள் சொல்வதுதான் சரி. இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் முப்பத்தோரு வருஷம் லாரி ஓட்டியவன், கேட்டால் பேசாமல் இருக்க முடியவில்லை.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. டிரைவிங் ஸ்கூல் வாசலைக்கூட மிதித்ததில்லை. பதினாறு வயதில் கிளீனராக ஏறினேன். கோயமுத்தூரில் லோடு ஏற்றினால் கொச்சி, திரும்பி வரும்போது வேறு ஏதாவது. முதல் இரண்டு வருஷம் எனக்கு வேலை என்ன தெரியுமா? டயரைத் தட்டிப் பார்ப்பது, கயிறு கட்டுவது, பின்னால் நின்று "வரட்டும் வரட்டும்" சொல்வது, ராத்திரி டிரைவர் தூங்கிவிடாமல் பேச்சுக் கொடுப்பது. ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார் எங்கள் ஆசான். "முதல்ல ரோட்டைப் பாரு" என்பார். எதிரில் வருகிற பஸ் எந்த இடத்தில் ஒடிப்பான், கடை ஓரம் நிற்கிற சைக்கிள்காரன் திரும்பிப் பார்க்காமல் ஏறிவிடுவானா, மழை விழுந்த முதல் பத்து நிமிஷம் ரோடு ஏன் எண்ணெய் மாதிரி வழுக்கும், எல்லாம் இடது பக்க சீட்டில் உட்கார்ந்தே கற்றது. மூன்றாம் வருஷம், ராத்திரி இரண்டு மணிக்கு, காலி வண்டியில், நேர் ரோட்டில் பத்து கிலோமீட்டர் கொடுத்தார். லைசென்ஸ் எடுக்கப் போனபோது எனக்கு அது ஒரு கையெழுத்து வேலை மாதிரிதான் இருந்தது.

இப்போது லாரியில் கிளீனரே இல்லை. சம்பளம் கட்டாது என்று ஒற்றை ஆளாகத்தான் அனுப்புகிறார்கள். நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்ற விதியையும் 2018-இல் எடுத்துவிட்டார்கள். அடுத்த வருஷமே, டிரைவருக்கு எட்டாம் வகுப்பு வேண்டும் என்பதையும் எடுத்தார்கள். அதில் எனக்குக் குறை இல்லை, நானே ஐந்தாம் வகுப்பு. ஆனால் பள்ளிக்கூடப் படிப்பு வேண்டாம் என்றால் வண்டிப் படிப்பாவது இருக்க வேண்டும் அல்லவா? அந்த இடது சீட்டுப் பள்ளிக்கூடத்தை மூடியாயிற்று, அதற்குப் பதிலாக எதையும் திறக்கவில்லை.

கணக்கு வாத்தியார் (சித்தூர்):

தையல்காரி அக்கா, முதலில் ஒரு சட்ட விஷயம். நீங்கள் வழக்கமாக வசிக்கிற, தொழில் செய்கிற, அல்லது கற்கும் டிரைவிங் ஸ்கூல் இருக்கிற மாநிலத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். தங்காத வீட்டைத் தங்கும் வீடு என்று எழுதிக் கொடுப்பது பொய்ச் சத்தியம். நாளைக்கு ஒரு விபத்து, இன்சூரன்ஸ் வழக்கு என்று வந்தால் எதிர்க்கட்சி வக்கீல் தோண்டுவது முதலில் அந்த முகவரியைத்தான்.

அடுத்து, லேலண்ட் அண்ணன் சொன்ன "ரோட்டைப் பாரு" என்பதைக் கணக்கில் போட்டுப் பார்க்கிறேன். பதினொன்றாம் வகுப்பில் நான் நடத்துவதுதான்.

நாற்பதில் போகிற வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் ஓடும். அறுபதில் 17 மீட்டர். ஒரு குழந்தை குறுக்கே வருவதைக் கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போக நல்ல டிரைவருக்கே ஒரு நொடி ஆகும். அந்த நொடியில் வண்டி வேகம் குறையாமல் ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு பிரேக் பிடித்து நிற்கும் தூரம், காய்ந்த நல்ல ரோட்டில், நாற்பதில் வந்தால் ஏறக்குறைய 9 மீட்டர், அறுபதில் 20 மீட்டர். மொத்தம் ஒருவனுக்கு 20, இன்னொருவனுக்கு 37.

குழந்தை 20 மீட்டர் தள்ளி நிற்கிறது என்று வையுங்கள். நாற்பதில் வந்தவன் பிள்ளைக்கு முன்னால் நின்று, இறங்கித் திட்டுவான். அறுபதில் வந்தவன் அதே இடத்துக்கு வரும்போது பிரேக்கை மிதித்து மூன்று மீட்டர்தான் ஆகியிருக்கும். அப்போது அவன் வேகம் 55. "பிரேக் அடித்தேன் சார், நிக்கல" என்று ஸ்டேஷனில் சொல்வான். அவன் பொய் சொல்லவில்லை.

இந்தக் கணக்கை எந்த டெஸ்டிலும் கேட்பதில்லை. லேர்னர்ஸ் கேள்வித்தாளில் அறுபது சதவீதம் சரியாக இருந்தால் பாஸ். மீதி நாற்பது சதவீதம் தெரியாமலே ரோட்டுக்கு வரலாம் என்றுதானே அர்த்தம்!

புல்லட் தம்பி (பொள்ளாச்சி):

எல்லாரும் டிரைவர் தலையிலேயே கட்டுகிறீர்கள். ரோடு? 2024 டிசம்பரில் கல்லடிக்கோடு பனயம்பாடத்தில் சிமெண்ட் லாரி கவிழ்ந்து, பரீட்சை எழுதிவிட்டு நடந்து வந்த எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் நான்கு பேர் இறந்தார்களே, அந்த வளைவில் மழை பெய்தால் வண்டி வழுக்கும் என்று ஊர்க்காரர்கள் எத்தனை காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்? அந்தப் பிள்ளைகளுக்கு யார் என்ன டிரைவிங் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்? ரோட்டை ஒழுங்காகப் போடாமல், டெஸ்டைக் கஷ்டமாக்கினால் விபத்து குறையும் என்பது ஏமாற்று. கேரளாவில் கேமரா வேறு. 2023 ஜூனில் 726 கேமராவைத் தட்டிவிட்டார்கள். நான் ஒரு நாள் சும்மா பாலக்காடு வந்து போனதற்கு வீட்டுக்கு அபராத ஓலை.

கணக்கு வாத்தியார் (சித்தூர்):

ரோடு பற்றிச் சொன்னது நியாயம், மறுக்கவில்லை. ஓலை எதற்கு வந்தது தம்பி?

புல்லட் தம்பி (பொள்ளாச்சி):

பின்னால் உட்கார்ந்த நண்பனுக்கு ஹெல்மெட் இல்லை. விடுங்கள் சார்.

பழைய லேலண்ட் (வாளையாறு):

:) தம்பி, கேரளாவில் 2019 டிசம்பரிலிருந்தே பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும். சட்டம் நாடு முழுக்க ஒன்றுதான், வாளையாறு தாண்டினால் நம் ஆட்களுக்கு ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான். கேரள வண்டிக்காரனும் அப்படியே. இந்தப் பக்கம் வந்தால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மூச்சு விடுவான். முப்பது வருஷமாக இந்த வேடிக்கையைச் செக்போஸ்டில் பார்க்கிறேன்.

ரோடு மோசம் என்பதும் சரி. ஆனால் மோசமான ரோட்டில் எப்படிப் போக வேண்டும் என்பதுதான் படிப்பு. நல்ல ரோட்டில் யார் வேண்டுமானாலும் போகலாம்... இல்லை, அதுவும் தப்பு. வடக்கஞ்சேரி ரோடு நல்ல ரோடுதான். 2022 அக்டோபரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஊட்டிக்கு ஏற்றிப் போன டூரிஸ்ட் பஸ், முன்னால் போன அரசு பஸ்ஸின் பின்னால் ஏறி ஒன்பது பேர் போனார்கள். வேகம் 97-க்கு மேல் என்றார்கள். ஓட்டத் தெரியாதவனா அந்த டிரைவர்? தெரியும். ஓட்டத் தெரிந்தவனுக்கு எதை ஓட்டக்கூடாது, எப்போது ஓட்டக்கூடாது என்று தெரியவில்லை.

அவிநாசியும் அப்படித்தான். 2020 பிப்ரவரி, விடியற்காலை. கொச்சியிலிருந்து போன கண்டெய்னர் நடுத்திட்டைத் தாண்டிப் போய், பெங்களூரிலிருந்து வந்த கேரள அரசு பஸ்ஸில் மோதி 19 பேர் இறந்தார்கள். டிரைவர் கண் அசந்துவிட்டான். அந்த ரோட்டில் அந்த நேரத்தில் நானும் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். தூக்கம் என்பது கொட்டாவியோடு சொல்லிக்கொண்டு வராது. கண் திறந்தே இருக்கும், ரோடு ஓடிக்கொண்டே இருக்கும், கடைசி இரண்டு கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்று யோசித்தால் ஞாபகம் இருக்காது. அப்போதே ஓரம் கட்டிவிட வேண்டும். டீ குடித்தால் தீராது. இருபது நிமிஷம் படுத்தால்தான் தீரும். எனக்கு இதைச் சொன்னதும் ஆசான்தான், எந்தப் புத்தகமும் இல்லை.

கிரவுண்ட் ஆசான் (பாலக்காடு பக்கம்):

நான் டிரைவிங் சொல்லிக் கொடுக்கிறவன். எங்களைத் திட்டுவதற்கு முன் நான் கொஞ்சம் பேசிவிடுகிறேன்.

எங்களிடம் வருகிறவர்கள் "வண்டி ஓட்டக் கற்றுக்கொடுங்கள்" என்று கேட்பதில்லை. "எத்தனை நாளில் லைசென்ஸ் கிடைக்கும்?" என்றுதான் கேட்கிறார்கள். இருபது கிளாஸ் என்றால், "பத்தில் முடிக்க முடியாதா?" ஒரு கிளாஸ் அரை மணி நேரம். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு போனால் ஸ்டியரிங் ஒவ்வொருவர் கைக்கும் வருவது ஏழெட்டு நிமிஷம். பெருக்கிப் பாருங்கள், இருபது கிளாஸும் வந்தவர் ஓட்டியது மொத்தம் இரண்டரை மணி நேரம். அதிலும் பாதி கிரவுண்டில் எச். இதைச் செய்கிறவர்கள் எங்கள் தொழிலில் நிறைய. நானும் செய்திருக்கிறேன். பெட்ரோல் விலைக்கும் வண்டி வாடகைக்கும் வேறு வழி தெரியவில்லை.

மத்திய அரசு 2021 ஜூலையிலிருந்து அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்கு ஒரு பாடத்திட்டம் கொடுத்திருக்கிறது. காருக்கு 29 மணி நேரம், நான்கு வாரத்துக்குள். அதில் 21 மணி நேரம் வண்டி, 8 மணி நேரம் வகுப்பு. கனரக வண்டிக்கு 38 மணி நேரம், ஆறு வாரம். அதை முடித்தவருக்கு ஆர்.டி. ஓபீஸ் டெஸ்டே தேவையில்லை. எங்கள் இரண்டரை மணி நேரத்தையும் அந்த 21-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த மையம் தொடங்க ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டும், சிமுலேட்டர் வேண்டும். என் மாதிரி ஒரு மாருதி வைத்திருப்பவன் எங்கே போவான்?

2024-இல் கேரளப் போக்குவரத்து மந்திரி கணேஷ்குமார் டெஸ்டை மாற்றியபோது மே மாதம் நாங்கள் கிரவுண்டில் படுத்து மறியல் செய்தோம். ஒரு இன்ஸ்பெக்டர் நாளைக்கு 40 பேருக்கு மேல் பார்க்கக்கூடாது என்று கடைசியில் நின்றது. அன்றைக்குக் கோபமாகத்தான் இருந்தது, பிழைப்பு அல்லவா. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், முன்பு ஒரே நாளில் நூறு பேருக்கு மேல் டெஸ்ட் நடந்த இடங்கள் உண்டு. ஒருவரை எத்தனை நிமிஷம் பார்த்திருப்பார்கள்? அதே வருஷம் ஜூனில் கேரள அரசு பஸ் கழகமான கே.எஸ்.ஆர்.டி.சி.யே டிரைவிங் ஸ்கூல் தொடங்கியது. அப்போது கார் 9,000 ரூபாய், பைக் 3,500. எங்கள் வயிற்றில் அடிக்கிறார்கள் என்று முதலில் கத்தினோம்.

எச் பற்றி ஒன்று. எச் வீண் என்று படித்தவர்கள் சொல்வார்கள். வீண் இல்லை. பின்னால் பார்த்து, வண்டியின் நான்கு மூலையும் எங்கே இருக்கிறது என்று உடம்புக்குத் தெரிய அது உதவும். தப்பு எங்கே என்றால், "மூன்றாவது கம்பி கண்ணாடியில் தெரிந்ததும் ஒரு ரவுண்டு ஒடி" என்று வாய்ப்பாடு மாதிரி சொல்லிக் கொடுப்பதில். அந்தக் கம்பி கிரவுண்டில்தான் இருக்கிறது, பஜாரில் இல்லை.

தையல்காரி சேச்சி, உங்கள் மகளை எங்கே சேர்த்தாலும் சரி. ஸ்டியரிங் கையில் எத்தனை மணி நேரம் கொடுப்பீர்கள் என்று மட்டும் கேளுங்கள். பணத்தைப் பிறகு பேசலாம்.

எல்லைத் தையல்காரி (கொழிஞ்சாம்பாறை):

இரண்டரை மணி நேரமா! ஒரு பெண்ணுக்கு ஜாக்கெட் தைக்கச் சொல்லிக் கொடுக்க நான் ஆறு மாதம் எடுத்துக்கொள்கிறேன். அதில் தப்பு நடந்தால் துணிதான் போகும்.

ஏலக்காய் (குமுளி):

நான் ஜீப் ஓட்டுகிறேன். எங்கள் ஊர் விஷயம் வேறு மாதிரி.

காலையில் கூடலூர், கம்பம் பக்கத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வரும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இருட்டு விலகுவதற்கு முன்னால் கிளம்ப வேண்டும். சீட்டு கணக்குக்கு இரண்டு மடங்கு ஆள். முதல் நடையை முடித்துவிட்டு இரண்டாம் நடைக்கு ஓட வேண்டும். வேகமாக ஓட்டுகிறவனுக்குத்தான் தோட்டத்தில் பேர். நானும் இருபது வயதில் அப்படித்தான் ஓட்டினேன். ஒரு நாள் கம்பம் மெட்டு வளைவில் மண் ரோட்டுக்கு இறங்கி, ஒரு சக்கரம் அந்தரத்தில். உள்ளே பதினாறு பெண்கள். யாரும் கத்தவில்லை. அந்த அமைதிதான் இன்னும் காதில் இருக்கிறது. ஒவ்வொருவராகப் பின்பக்கமாக இறங்கினார்கள். கடைசியாக இறங்கிய அக்கா ஒருவர், "தம்பி, நீயும் இறங்கு" என்றார். அதற்குப் பிறகு நான் பத்துக்கு மேல் ஏற்றுவதில்லை. வருமானம் குறைவுதான்.

மலையில் ஓட்டுவது தனிப் பாடம். தரையில் பாஸான லைசென்ஸ் மலைக்கும் செல்லும் என்பதே எனக்கு ஆச்சரியம். போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவு. தரையிலேயே ஓட்டிப் பழகியவர் முதல் தடவை இறங்கும்போது செய்யும் முதல் தப்பு, பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வருவது. நாலு கிலோமீட்டரில் டிரம் சூடேறி, கருகின நாற்றம் வரும். அதற்கு அப்புறம் மிதித்தால் மெத்தை மாதிரி உள்ளே போகும், பிடிக்காது. எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு என்று எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அப்படி இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை வளைவுக்கு மட்டும் தொட்டால் போதும். இன்னும் சிலர் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவார்கள். அவர்களை என்ன சொல்ல.

இன்னொன்று, ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. இறங்குகிறவன் நின்று கொடுக்க வேண்டும். 2017-இல் வந்த டிரைவிங் விதியிலும் இது இருக்கிறது, அதற்கு முன் 1989 விதியிலும் இருந்தது. ஏறுகிற லோடு வண்டியை வளைவில் நிறுத்தினால் திரும்ப எடுக்க அவன் படும் பாடு எடுத்தவனுக்குத்தான் தெரியும். வெளியூர் கார்க்காரர்கள் நமக்கு லைட்டை அடித்து அடித்து இறங்கி வருவார்கள்.

ஐயப்ப சீசனில்தான் வயிற்றில் நெருப்பு. கூட்டம் அதிகமானால் தேனியிலிருந்து போகிற வண்டிகளைக் கம்பம் மெட்டு வழியாக விட்டு, திரும்புகிறவர்களைக் குமுளி வழியாக இறக்குவார்கள். அது நல்ல ஏற்பாடு. ஆனாலும் 2022 டிசம்பர் 23 ராத்திரி, சாமி பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஆண்டிப்பட்டிப் பக்கத்து வண்டி ஒன்று குமுளி மலையில் பள்ளத்தில் விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள். அந்த இடத்தைத் தாண்டும்போது இன்றைக்கும் நான் கியரைக் குறைத்துவிடுவேன், தேவையே இல்லாவிட்டாலும். இந்தச் சீசனில் இறங்குகிற பாதி வண்டிகளில் டிரைவர், அதே வண்டியில் விரதம் இருந்து மலையேறி இறங்கி வந்த சாமிதான். இரண்டு ராத்திரி தூங்கியிருக்க மாட்டார். மாலை போடும்போதே "டிரைவர் மலையேற வேண்டாம், வண்டியில் தூங்கட்டும்" என்று ஒரு விதி குருசாமிகள் வைத்தால் புண்ணியம்.

செங்கோட்டைக் காற்று:

ஆரியங்காவு பக்கமும் இதே கதைதான். வைக்கோல் லாரி பின்னால் போனவர்களுக்குத் தெரியும்.

லோடுமேன் மகன் (கோபாலபுரம்):

எனக்கு ஒரு சந்தேகம். கார் லைசென்ஸ் வைத்துக்கொண்டு காய்கறி பிக்அப் ஓட்டலாமா? பொள்ளாச்சி மார்க்கெட்டிலிருந்து திருச்சூருக்கு லோடு வருகிறது, ஆள் இல்லை என்று கூப்பிடுகிறார்கள். ஓட்டிப் பழக்கம் ஆல்ட்டோ மட்டும்.

கணக்கு வாத்தியார் (சித்தூர்):

சட்டப்படி ஓட்டலாம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டி என்றால் சாதாரண எல்.எம்.வி. (இலகுரக வண்டி) லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. தீர்ப்பைத் தப்பு சொல்ல எனக்குத் தகுதி இல்லை, லட்சக்கணக்கான சின்ன டிரைவர்கள் அதனால் பிழைத்தார்கள். ஆனால் சட்டம் "ஓட்டலாம்" என்று சொல்வதும், உங்களுக்கு "ஓட்ட வரும்" என்பதும் ஒன்றல்ல.

பழைய லேலண்ட் (வாளையாறு):

தம்பி, போ. ஆனால் முதல் ஐந்து நடைக்கு ஓட்டத் தெரிந்தவன் ஒருவனைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு போ. அவனுக்கு ஒரு நாள் கூலி உன் கையிலிருந்து போனாலும் பரவாயில்லை. தக்காளிப் பெட்டி அடுக்கின வண்டி வளைவில் ஒரு நொடி கழித்துத்தான் சாயும். நீ நேராக்கிவிட்டேன் என்று நினைப்பாய், அது அப்போதுதான் சாய ஆரம்பிக்கும். ஆல்ட்டோவில் இது தெரியாது.

அப்புறம் ஒரு விஷயம், எல்லைக்கு இரண்டு பக்கமும் ஓட்டுகிறவர்களுக்கு. முன்னால் போகிற லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் என்ன அர்த்தம்? என் காலத்தில் "எதிரில் வண்டி வருகிறது, ஏறாதே" என்று அர்த்தம். இப்போது சில பையன்கள் "போ, காலியாக இருக்கிறது" என்பதற்கும் அதையே போடுகிறார்கள். புத்தகப்படி அவன் வலது பக்கம் திரும்பப் போகிறான். மூன்று அர்த்தம், ஒரே விளக்கு! அதனால் எந்த லாரிக்காரன் சைகையையும் நம்பி ஏறாதே. என் சைகையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உன் கண்ணுக்கு ரோடு தெரிந்தால் ஏறு, தெரியாவிட்டால் பின்னாலேயே வா. டீசல் நாற்றம்தான் அடிக்கும், செத்துப்போக மாட்டாய்.

தோட்டத்து அப்பா (கொல்லங்கோடு):

எல்லாம் படித்தேன். என் பையனுக்குப் பதினாறு. தோப்புக்குள் ஜீப் எடுக்கிறான், அருமையாக ஓட்டுகிறான். பால் ஊற்றச் சொசைட்டி வரைக்கும் ஸ்கூட்டரில் போய் வருவான். சின்ன வயதில் கற்றால்தான் கை படியும் என்பது என் கட்சி. லேலண்ட் அண்ணனும் பதினாறில்தானே ஏறினார்?

பழைய லேலண்ட் (வாளையாறு):

ஏறினேன். இடது பக்க சீட்டில்.

காஷுவால்டி சேச்சி (பாலக்காடு):

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் நைட் டியூட்டி முடித்துவிட்டு எழுதுகிறேன், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துச் சேட்டா, மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் 199A என்று ஒரு பிரிவு வந்தது. பதினெட்டு வயதாகாத பிள்ளை வண்டி எடுத்து ஏதாவது நடந்தால் குற்றவாளி பிள்ளை மட்டும் இல்லை, நீங்களும்தான். மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து. பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது. கை படிய வேண்டும் என்று நீங்கள் கொடுத்ததால் ஒன்பது வருஷம் அவன் கை சும்மா இருக்கும்.

சட்டத்தை விடுங்கள். எங்களிடம் வருகிற பையன்கள் யாரும் ஓட்டத் தெரியாதவர்கள் இல்லை. எல்லோருமே "அருமையாக ஓட்டுவான் டாக்டர்" என்று அப்பாக்கள் சொல்கிறவர்கள்தான். கிளட்ச், கியர் எல்லாம் ஒரு மாதத்தில் வந்துவிடும். எதிரில் வருகிறவன் தப்புச் செய்யப்போகிறான் என்று முன்னாடியே தெரிவது வயது ஆனால்தான் வரும், அல்லது யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தால் வரும்.

2022-இல் நாடு முழுக்க சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். கேரளாவில் மட்டும் 4,317. தமிழ்நாட்டில் 17,884. எனக்கு இந்த எண்களைவிட, ராத்திரி ஒன்றரை மணிக்கு ஸ்ட்ரெச்சரோடு ஒரு ஜோடி செருப்பு தனியாக வருவதுதான் கணக்கு.

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது, விபத்தைப் பார்த்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். அடிபட்டவரை ஆட்டோவில் மடக்கித் திணித்துக் கொண்டுவருவார்கள், கழுத்து எலும்பு அங்கேயே போயிருக்கும். ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றுவார்கள். தண்ணீர் குடிக்கக் கொடுப்பார்கள். எல்லாம் நல்ல மனசுதான். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, இரத்தம் வருகிற இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தாலே பாதி உதவி. போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்ற பயமும் வேண்டாம். உதவி செய்தவரைக் கேஸில் இழுக்கக்கூடாது என்று அதே 2019 திருத்தத்தில் 134A இருக்கிறது. 2025 மே மாதத்திலிருந்து முதல் ஏழு நாள் சிகிச்சைக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் பார்க்கும் திட்டமும் வந்திருக்கிறது. "காசு யார் கட்டுவார்கள்" என்று வாசலில் தயங்க வேண்டியதில்லை.

புல்லட் தம்பி (பொள்ளாச்சி):

சேச்சி, அந்தச் செருப்பு வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. ரோடு பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் நண்பனுக்கு ஒரு ஹெல்மெட் வாங்கிவிட்டேன். ஓலையைவிட விலை கூட.

தோட்டத்து அப்பா (கொல்லங்கோடு):

ஸ்கூட்டர் சாவி இப்போது என் வேட்டி மடிப்பில். பையன் பேசுவதில்லை.

எல்லைத் தையல்காரி (கொழிஞ்சாம்பாறை):

எல்லோருக்கும் நன்றி. நாத்தனாரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரம் போன் எடுக்கவில்லை, பிறகு சரியாகிவிட்டார். இங்கேயே ஒரு இடத்தில் சேர்த்திருக்கிறேன். ஆசான் சொன்ன மாதிரியே ஸ்டியரிங் எத்தனை மணி நேரம் என்று கேட்டேன். அவர் முழித்த முழியைப் பார்க்க வேண்டுமே! தனியாக ஓட்டுவதற்குக் கூடுதலாகக் கட்டியிருக்கிறேன். மழையில் ஒரு நாள், ராத்திரி ஒரு நாள் கூட்டிப் போக வேண்டும் என்றும் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து நல்லேப்பிள்ளி வரை கூட்டிப் போகிறான். எல் போர்டு ஒட்டித்தான்.

(ஏழு வாரம் கழித்து)

எல்லைத் தையல்காரி (கொழிஞ்சாம்பாறை):

டெஸ்ட் முடிந்தது. எச் ஒரே தடவையில் எடுத்துவிட்டாள். ரோடு டெஸ்டில் மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி பின்னால் உருண்டது. தோல்வி. ஒரு வாரம் கழித்துத் திரும்பப் போக வேண்டும். நாத்தனார் "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்துவிட்டார். மகளே எழுதுகிறாள், கீழே:

வணக்கம். நான்தான் அந்த மகள். லேலண்ட் மாமா, மேட்டில் நின்று எடுக்கும்போது கிளட்சை விட்டால் ஆஃப் ஆகிறது, பிடித்தால் உருள்கிறது. தம்பி மாமா, "பயப்படாதே" என்கிறார். பயப்படாமல் என்ன செய்வது என்று சொல்லவில்லை.

பழைய லேலண்ட் (வாளையாறு):

கண்ணு, முதலில் ஹேண்ட்பிரேக்கை நன்றாகப் போட்டுக்கொள். பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் வண்டி நிற்கிறதா என்று பார். நின்றால் உனக்கு அவசரமே இல்லை, பின்னால் எவன் ஹாரன் அடித்தாலும். முதல் கியர். ஆக்ஸிலரேட்டர் கொஞ்சம், சத்தம் லேசாக ஏறுகிற அளவு. இப்போது கிளட்சை மெதுவாக விட்டுக்கொண்டே வா. ஒரு இடத்தில் எஞ்சின் சத்தம் மாறும், பானெட் மூக்கைத் தூக்கும். அங்கே காலை நிறுத்து. விடாதே, பிடிக்காதே. அப்போது ஹேண்ட்பிரேக்கை எடு. வண்டி பின்னால் போகாது, அப்படியே நிற்கும், பிறகு உன் கால் சொன்னபடி ஏறும்.

கொழிஞ்சாம்பாறை சமதரை, மேடு கிடைப்பது கஷ்டம். வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் விடியற்காலை ஆள் நடமாட்டம் இல்லாதபோது மாமாவைப் பக்கத்தில் வைத்து இருபது தடவை செய். அந்த மூக்குத் தூக்கும் இடம் காலுக்குத் தெரிந்துவிட்டால் போதும்.

எல்லைத் தையல்காரி (கொழிஞ்சாம்பாறை):

மாமா, இருபத்திரண்டு தடவை செய்தேன். நாலு தடவை ஆஃப். ஒரு தடவைகூட உருளவில்லை. பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். (மகள்தான். அம்மா கடைக்குப் போய்விட்டார்.)